மதுரைக்காரர் தில்லியில் இறங்கும் திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தில்லியைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் மதுரை. டொரண்டோவில் குடியேறி நெடுநாளாகிவிட்டது. இந்த டிசம்பர் கடைசியில் மனைவி, பதின்மூன்று வயது மகன் ஆகியோருடன் ஊருக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் தில்லியில் இறங்குகிறோம். சென்னை விமானம் இரவு ஒன்பதுக்குத்தான். பகல் முழுவதும் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. மூவருமே தில்லியைப் பார்த்ததில்லை.

செங்கோட்டை, சாந்தினி சௌக், ஜும்மா மசூதி, இந்தியா கேட், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மெட்ரோவிலேயே எல்லாவற்றையும் சுற்றிவிடலாம் என்கிறார் இங்குள்ள நண்பர் ஒருவர். இன்னொருவரோ, ஒரே பகலில் தில்லியைப் பார்ப்பது வெறும் புகைப்பட வேலை, அதற்குப் பேசாமல் தூங்கலாம் என்கிறார். எது சரி? எங்கே போவது? பெட்டிகளை என்ன செய்வது? முடிந்தால் உங்களையும் சந்திக்க ஆசை.

அன்புடன்,
ம., டொரண்டோ

அன்புள்ள ம.,

உங்கள் பட்டியலில் மூன்றைத் திங்கட்கிழமையே அடித்துவிட்டது. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் அன்றுதான் வார விடுமுறை. இந்தியா கேட்டை நான் அடிக்கிறேன். ஜனவரி 26 அன்று தொலைக்காட்சியில் பார்க்கிற அதே வளைவுதான்; நேரில் போனால் கூடுதலாகக் கிடைப்பது ஐஸ்கிரீம் வண்டிகள். மிச்சமிருக்கும் நான்கில் ஒன்றுக்கு மட்டும் போங்கள். அது குதுப் மினாராக இருக்கட்டும்.

ஏன் ஒன்றே ஒன்று? காகிதத்தில் உங்களுக்குப் பதினைந்தரை மணி நேரம் இருக்கிறது. குடியேற்ற வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் எல்லாம் தாண்டி வெளியே வரும்போது எட்டு மணியை நெருங்கியிருக்கும். மாலை ஏழுக்குள் திரும்பி உள்ளே நுழைந்துவிட வேண்டும். இது போகட்டும். டொரண்டோவுக்கும் தில்லிக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் உங்கள் மகனின் உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை. அந்தப் பையனை அந்த நேரத்தில் நான்காவது கல்லறையின் முன்னால் நிறுத்தி வரலாறு சொன்னால், ஆயுளுக்கும் அவனுக்கு முகலாயர்களைப் பிடிக்காமல் போய்விடும்.

ஏன் குதுப்? வெளியூர்த் தமிழர்களுக்குத் தில்லி என்றதும் செங்கோட்டைதான் கண்ணில் வருகிறது. ஆனால் ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் கட்டி முடித்த கோட்டை அது. தில்லியில் ஏழு நகரங்கள் எழுந்தன என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஷாஜகானின் நகரம் கடைசி. முதல் நகரம் தெற்கே மெஹ்ரௌலியில் இருக்கிறது. தோமர் அரசர்கள் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பிய லால் கோட் என்ற கோட்டையின் மதில்கள் இன்னும் அங்கே புதருக்குள் கிடக்கின்றன. விமான நிலையமும் நகரத்தின் தென்மேற்கில்தான் என்பதால், இருப்பதிலேயே பழைய தில்லி உங்களுக்குக் காரில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இவ்வளவு வசதியைப் பயணிகள் யாரும் பயன்படுத்திக்கொள்ளாமல் சாந்தினி சௌக் நெரிசலில் போய் மாட்டிக்கொள்வது எனக்குப் புரிவதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் மதுரைக்காரர்.

குதுப் வளாகத்துக்குள் தெற்கு வாசலாக நிற்பது அலாய் தர்வாசா. சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்குமாக இழைத்த சதுரக் கட்டடம். தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி அதை முடித்த ஆண்டு 1311. அதே 1311இன் வசந்தத்தில் அவனுடைய தளபதி மாலிக் காபூர் மதுரையில் இருந்தான். சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்த நேரம். காபூர் ஹொய்சளர்களின் தலைநகரான துவாரசமுத்திரம் வழியாக வந்து, பாண்டிய நாட்டுக் கோயில்களின் பொன்னையும் மணியையும் யானைகளையும் குதிரைகளையும் வாரிக்கொண்டு அந்த ஆண்டின் இறுதிக்குள் தில்லி திரும்பினான். அந்தப் படையெடுப்பை எழுதிவைத்தவர் அலாவுதீனின் அவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ. பின்னால் எழுதிய வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணியும் இதைச் சொல்கிறார். எத்தனை யானைகள் என்பதில் இருவரும் ஒத்துப்போவதில்லை. வெற்றிக் கணக்கு எழுதுகிறவர்களின் எண்களை நான் எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிப்பேன்.

அலாய் தர்வாசாவைப் பார்த்துவிட்டு வடக்குப் பக்கம் நடந்தால், தடித்த கல் மொட்டையாக ஒன்று நிற்கும். அலாய் மினார். குதுப் மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். அதைப் போல இரு மடங்கு உயரத்தில் ஒரு கோபுரம் வேண்டும் என்று தெற்கத்திய வெற்றிகளின் மிதப்பில் அலாவுதீன் தொடங்கிய வேலை அது. முதல் அடுக்கு 25 மீட்டரை எட்டுவதற்குள் 1316இல் அவன் இறந்துபோனான். அதன் பிறகு யாரும் தொடவில்லை. எந்தக் கல்லுக்கு எந்த ஊர்ப் பொன் கூலியானது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்டுகளை மட்டும் மகனிடம் சொல்லுங்கள். டொரண்டோப் பள்ளியில் படிக்கிற பையன் கூட்டிக் கழித்துக்கொள்வான்.

மொராக்கோவிலிருந்து வந்த இபின் பதூதாவும் இந்த வளாகத்தைப் பார்த்திருக்கிறார். 1330களில் தில்லியில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, வேலை பார்த்தவர் அவர். பிறகு தெற்கே போய், அப்போது மதுரையில் ஆண்ட சுல்தானின் அவையிலும் இருந்தார். இரண்டு ஊர்களையும் பார்த்து எழுதிவைத்த அவரை மதுரைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம்.

வளாகத்துக்குள் இருக்கும் பழைய பள்ளிவாசலின் முற்றத்துத் தூண்களைப் பற்றி உங்கள் மகன் கட்டாயம் கேட்பான். சங்கிலியில் தொங்கும் மணிகள், பூர்ண கும்பங்கள், முகம் சிதைந்த உருவங்கள் என்று தூண்கள் முழுக்கக் கோயில் வேலை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியது என்று கிழக்கு வாசல் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது. கட்டியவர்களே மறைக்காததை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக வாசலில் நின்று இன்றைக்குச் சண்டை போடவும் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வருகிறவற்றை மட்டும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேறொன்று. பள்ளிவாசலுக்கு முன்னால் 1199இல் எழுப்பிய பெரிய வளைவுத் திரையை அருகில் போய்ப் பாருங்கள். தொலைவில் வளைவாகத் தெரிவது, கிட்டே போனால் படுக்கை வசமாக அடுக்கிய கற்களாகத் தெரியும். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்று முன்னால் நீண்டு, மேலே போய் இரு பக்கமும் முட்டிக்கொள்கின்றன. வேலை செய்த உள்ளூர்ச் சிற்பிகளுக்குத் தூணும் உத்திரமும்தான் கைவந்த கலை. வளைவு வேண்டும் என்று புது எஜமானர்கள் கேட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே வளைவைச் செய்து கொடுத்துவிட்டார்கள். பிறகு அலாய் தர்வாசாவுக்குப் போனால், ஆப்புக் கற்களைச் செருகி ஒன்றையொன்று தாங்கும்படி கட்டிய நிஜ வளைவைப் பார்க்கலாம். இடையில் நூறு ஆண்டுகள். கைவேலை மாறியதை இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற இடம் அதிகம் இல்லை.

இரும்புத் தூணைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சுமார் ஏழு மீட்டர், ஆறு டன்னுக்கு மேல், வேறெங்கோ இருந்து இங்கே கொண்டுவந்து நட்டது. அதிலுள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு சந்திரன் என்ற அரசனைப் புகழ்கிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் கருத்து. துரு ஏறாததற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. ஐ.ஐ.டி. கான்பூரில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் படிந்திருக்கிறது. முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கோத்துக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நினைத்தவர்கள் பெருகியதால் இப்போது வேலி.

மினாருக்குள் ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து கதவு சாத்தியே இருக்கிறது. புல்வெளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கல் மண்டபத்தைக் காட்டி மகனைச் சிரிக்க வைக்கலாம். அது 1828இல் மேஜர் ராபர்ட் ஸ்மித் என்பவர் மினாரின் உச்சியில் வைத்த தொப்பி. கொஞ்சமும் பொருந்தவில்லை என்று 1848இல் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா இருக்கிறது. கட்டணம் கிடையாது, கூட்டமும் கிடையாது. சுல்தான் பால்பனின் இடிந்த கல்லறை, லோதி காலத்துப் படிக்கிணறு, ஜமாலி கமாலி மசூதி எல்லாம் மரங்களுக்கு நடுவே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. தாமஸ் மெட்காஃப் என்ற ஆங்கில அதிகாரி ஒரு கல்லறையையே ஓய்வு மாளிகையாக மாற்றிக்கொண்டதும் இங்கேதான். தூக்கம் வந்துவிட்டால் பூங்காவை விட்டுவிடுங்கள். மூவரும் வெயிலில் புல்வெளியில் படுத்துவிடலாம். டிசம்பர் வெயில் தில்லியில் ஒரு சொத்து, அதை அனுபவிக்காத தில்லிக்காரர் கிடையாது.

ஒரு பகலில் பார்ப்பது புகைப்பட வேலை என்கிற உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரில் நாற்பது ஆண்டுகள் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்துவிட்டு, குதுப்பை வெளிவட்டச் சாலையில் போகும் பஸ் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்த தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும். எட்டு இடங்களைத் தொட்டுவிட்டு ஓடினால்தான் அவர் சொல்வது சரி.

மெட்ரோ யோசனை தனியாக வருகிறவர்களுக்கு நல்லது. மூன்றாம் முனையத்திலிருந்து ஆரஞ்சு ரயில் சுமார் இருபது நிமிடத்தில் புது தில்லி ரயில் நிலையத்தில் விட்டுவிடும். அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சாந்தினி சௌக். ஆனால் குதுப்புக்கு அது சுற்று வழி. குதுப் மினார் என்று பெயர் வைத்த நிலையமும் மினாருக்குச் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. நீங்கள் மூன்று பேர். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்று பேசி ஒரு காரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஓட்டுநர் காத்திருப்பார். போகிற வழியில் ஒரு பெரிய கைவினைக் கடை இருக்கிறது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்பார். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தம்பி.

பெட்டிகளை நீங்கள் தில்லியிலேயே எடுத்துச் சுங்கம் காட்ட வேண்டியிருக்கும். சென்னை வரை ஒரே டிக்கெட் என்றால், வெளியே வரும் வழியிலேயே உள்ள மாற்றுப் பயணிகள் கவுண்டரில் திரும்பக் கொடுத்துவிட முடியுமா என்று விமான நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் மாலைக்கு முன்னால் வாங்க மாட்டார்கள். பணம் கட்டிப் பெட்டி வைக்கும் அறையை விசாரிக்க வேண்டும். கனடியக் கடவுச்சீட்டாக இருந்து ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் இருந்தால், அதைக் கைப்பையில் வையுங்கள். நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே உங்களுக்கும் உண்டு. வெளிநாட்டவர் கட்டணம் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை.

பனிமூட்டத்தை மறந்துவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் விடியற்காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது இங்கே சாதாரணம். பத்து மணிக்குப் பிறகுதான் வெளியே வர முடிந்தது என்றாலும் குதுப் போதுமான அளவு கிடைக்கும். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் நேராக ஒரு அறை எடுத்துத் தூங்குங்கள். அந்த அளவில் உங்கள் இரண்டாவது நண்பர் ஜெயித்தார்.

திரும்பும் வழியில், நேரம் இருந்தால், ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திருக்குப் போகலாம். 1973இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயில். குன்றின் அடிவாரத்தில் மீனாட்சிக்கும் சுந்தரேசுவரருக்கும் பாண்டியர் பாணியில் சன்னதி இருக்கிறது. மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் திறப்பார்கள். தரிசனம் முடிந்ததும் தாமதிக்காமல் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்துச் சாலையை நம்ப முடியாது. விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். பகல் முழுக்கப் படம் எடுத்துக் கைபேசி அணைந்து போயிருக்கும், டிக்கெட்டை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைச் சந்திக்கக் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் நான் தில்லியில் இருக்க மாட்டேன். கச்சேரிக்காக மயிலாப்பூரில் தங்கையின் வீட்டில் இருப்பேன். சென்னையில் இறங்கியதும் எழுதுங்கள், மதுரைக்கு ரயில் ஏறும் முன் ஒரு மாலை காபிக்கு வரலாம். மகனையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்.