பவர் மெஷின் பிடிக்குள் வர: சர்வோவா, புல்லியா?

கேள்வி: மூடிய கார்மென்ட்ஸ் ஒன்றிலிருந்து பழைய ஒற்றை ஊசி பவர் மெஷின் வாங்கினேன். வீட்டிலேயே ரவிக்கை தைக்கத்தான். கால் மெஷினில் தைத்துப் பழகிய எனக்கு இதில் பெடலைத் தொட்டாலே துணி ஓடிவிடுகிறது, கழுத்து வளைவில் கோடு தவறுகிறது. பெடலை மிதிக்கும் அளவுக்கேற்ப வேகம் மாறும் சர்வோ மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: உங்கள் மேஜைக்கடியில் இருப்பது கிளட்ச் மோட்டாராகத்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு முழு வேகத்தில் சுற்றத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். பெடல் அந்த மோட்டாரின் வேகத்தை மாற்றுவதில்லை. ஏற்கெனவே சுற்றும் சக்கரத்தோடு கிளட்ச்சை ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான்.

மோட்டார் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 2850ஐ ஒட்டியோ 1440ஐ ஒட்டியோ இருக்கும். பிறகு டேப்பை எடுத்து, மோட்டாரிலும் கைச்சக்கரத்திலும் பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரங்களான இரண்டு புல்லிகளின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். மோட்டார் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, கைச்சக்கரத்தில் பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தையல் என்று வரும். 2850 சுற்று, மோட்டாரில் 100 மில்லிமீட்டர், கைச்சக்கரத்தில் 75 என்றால் 3800 தையல். இரண்டரை மில்லிமீட்டர் தையலுக்கு நொடிக்கு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் துணி. கழுத்து வளைவு எப்படி நிற்கும்?

மோட்டார் புல்லியை மட்டும் 50 மில்லிமீட்டருக்கு மாற்றினால் வேகம் பாதியாகி 1900க்கு வந்துவிடும், ஊசியின் இழுவையும், அதாவது குத்தும் வலுவும், இரட்டிப்பாகும். செலவு மிகக் குறைந்த மாற்றம் இதுதான். பழைய புல்லியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். தண்டு நுழையும் துளை பொருந்தாவிட்டால் ஆட்டம் கண்டு பெல்ட்டைத் தின்றுவிடும். 100ஐ 50 ஆக்கும்போது பெல்ட் சுமார் 3 அங்குலம் குறைவாகத் தேவைப்படும். மோட்டாரை இறக்கிச் சமாளிக்கலாம் என்றாலும் முழுவதையும் சமாளிக்க முடியாது, பெல்ட்டும் சேர்த்தே வாங்குங்கள். 45க்கும் கீழே போக வேண்டாம். பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைந்து வழுக்கும்.

பெடலிலிருந்து மேலே போகும் கம்பி மோட்டாரின் நெம்புகோலில் மாட்டியிருக்கும். அங்கே பல துளைகள் இருந்தால் கம்பியை நெம்புகோலின் வெளிநுனிப் பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். கால் கூடுதலாக அசைந்தால்தான் கிளட்ச் பிடிக்கும்; அதனால் நுணுக்கம் கிடைக்கும். காசே ஆகாத இந்த வேலையைக் கடைக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும் என்றால் சர்வோ வாங்கலாம். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தே காலம் தள்ளினால் அதில் உராயும் கார்க் பட்டை தேய்ந்து தீய்ந்த வாடை வரும். சர்வோவில் கால் எடுத்தால் மோட்டாரும் நிற்கும். இரைச்சல் இல்லை, சும்மா ஓடும் மின்சாரமும் மிச்சம். உச்ச வேகத்தைப் பொத்தானில் 500 என்று வைத்து, 50 புல்லியும் போட்டால் மேலே சொன்ன கைச்சக்கரத்தில் 333 தையல்தான் வரும். பெடலை ஒரே மிதியாக மிதித்தாலும் அதற்கு மேல் போகாது. பல சர்வோக்களில் திரையில் தெரிவது மோட்டாரின் சுற்று. அதைத் தையல் எண்ணிக்கை என்று நினைத்து ஏமாற வேண்டாம். மாட்டியதும் கைச்சக்கரம் உங்களை நோக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திசை மாற்றும் அமைப்பு பெட்டியிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: தானாக எண்ணெய் ஏற்றும் மெஷின்கள் வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. நாள் முழுக்க மெதுவாகவே ஓட்டினால் மேலே எண்ணெய் சரியாக ஏறாது, மெஷின் தலையின் மேலுள்ள கண்ணாடிச் சன்னலில் எண்ணெய்த் தெறிப்பும் தெரியாது. தினமும் நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு, பாதத்தைத் தூக்கி வைத்து, உச்ச வேகத்தைக் கூட்டி, எண்ணெய் தெறிக்கும்வரை சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

கேள்வி: ஃபேன் ரெகுலேட்டரை இணைத்தால் கிளட்ச் மோட்டார் மெதுவாகாதா?

பதில்: மோட்டார்தான் எரியும். அதன் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது; வோல்டேஜைக் குறைத்தால் இழுவை போய்ச் சூடேறும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் சுற்று குறைந்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச், கிளம்பும்போது மட்டும் தேவைப்படும் கம்பிச்சுருளை (ஸ்டார்ட்டிங் வைண்டிங்) மறுபடி இணைத்துவிடும், அது கருகும். வீட்டு மெஷினில் பக்கவாட்டில் மாட்டும் சின்ன மோட்டார் வோல்டேஜுக்கேற்ப வேகம் மாறும் கார்பன் பிரஷ் வகை. அதனால்தான் அங்கே கால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது.

கேள்வி: தோல் பை தைக்க 550 வாட் சர்வோ மாட்டினேன். மெதுவாக வைத்தால் மடிப்பு வரும் இடத்தில் ஊசி நின்றுவிடுகிறது. கைச்சக்கரத்தைச் சுற்றித் தள்ள வேண்டியிருக்கிறது. மோட்டார் பழுதா?

பதில்: பழுது இல்லை. மெதுவாக ஓடினால் போதாது, மெதுவாக ஓடும்போதே குத்தித் துளைக்கவும் வேண்டும். சின்ன சர்வோக்கள் அடிமட்டச் சுற்றில் வலுவிழக்கும். வேகத்தைப் பொத்தானில் குறைக்காமல் புல்லியில் குறையுங்கள். மோட்டாருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரே தண்டில் பெரியதும் சிறியதுமாக இரண்டு புல்லி கொண்ட வேகக் குறைப்பான் கிடைக்கும். மூன்றுக்கு ஒன்று அளவில் போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும், இழுவை மும்மடங்காகும். இரண்டு பெல்ட்டும் நேர்கோட்டில் ஓடாவிட்டால் ஓரம் பிய்ந்துவிடும்; பலகையில் துளை போடும் முன் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்குள்ளேயே மோட்டார் இருக்கும் டைரக்ட் டிரைவ் மெஷினில் பெல்ட் புல்லி கிடையாது, இந்த வழியும் கிடையாது. கனமான வேலைக்கு அதை வாங்கும் முன், நீங்கள் தைக்கும் தோலை எடுத்துப் போய்க் கடையிலேயே தைத்துப் பாருங்கள்.

கேள்வி: புது சர்வோவின் கண்ட்ரோல் பெட்டி இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்கிறார் கடைக்காரர்.

பதில்: தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. பத்துப் பேரை வைத்துத் தைப்பவர் என்றால் கடைக்காரர் வாதாடலாம். நீங்களே உட்கார்ந்து தைப்பவர் என்றால் உரிமை உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் வேண்டும். மோட்டாருக்கும் கண்ட்ரோல் பெட்டிக்கும் உத்தரவாதக் காலம் வேறுவேறாக எழுதியிருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். பெட்டியின் வரிசை எண் பில்லில் இல்லாவிட்டால் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.