வீணை பிக்கப்புக்கு டிஐ பாக்ஸா, ப்ரீஆம்ப்பா?

கேள்வி: வீணையில் பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் சில்லு) ஒட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் பெட்டியின்) லைன் இன்புட்டில் நேராகச் செருகிப் பதிவு செய்கிறேன். தகரத்தில் தட்டியதுபோல் மெலிந்து கேட்கிறது, ஹம்மும் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வருகிறது. டிஐ பாக்ஸ் (பிக்கப் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாங்குவதா, ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்குவதா?

பதில்: எதையும் வாங்குமுன், அதே ஜாக்கை ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட்) அல்லது ‘ஹை-இசட்’ (உயர் இம்பீடன்ஸ்) என்று குறித்த இன்புட்டில் செருகிப் பாருங்கள். பெரும்பகுதிக் குறை அங்கேயே தீரும்.

காரணம் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இன்புட் காட்டும் மின்தடை; ஓமில் அளப்பது. பீசோ ஒரு சிறு கப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு; அளவு ஃபாரட்டில்). இன்புட்டோடு சேரும்போது கீழ் ஸ்தாயியை வெட்டும் ஃபில்டராகிவிடும். பிக்கப் 1 நானோ ஃபாரட் என்று கொண்டால், 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே சரியும். 1 மெகா ஓமில் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸ். 10 மெகா ஓமில் வெறும் 16. வீணையின் முதல் தந்தியான சாரணியை 3 கட்டைக்கு (E சுருதி) சேர்த்தால் 165 ஹெர்ட்ஸ், மூன்றாம் தந்தி மந்தரம் 82, நான்காம் தந்தி அனுமந்தரம் 62. ஆக, இன்ஸ்ட் இன்புட்டில் சாரணி ஓரளவு தேறும், அனுமந்தரம் அப்போதும் மெலிவாகவே இருக்கும். (பெரிய வட்டத் தகடு பீசோவுக்குக் கப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம், அதற்கு 1 மெகா ஓமே தாராளம்.)

அது போதவில்லை என்றால் 10 மெகா ஓம் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ (மின்சாரத்தில் இயங்குவது) வாங்குங்கள். தனி மைக் ப்ரீஆம்ப் வேண்டாம். அந்த வேலையை உங்கள் இன்டர்ஃபேஸே செய்கிறது. விலை குறைவு என்று பாசிவ் டிஐ (மின்சாரம் தேவைப்படாதது) பக்கமும் போகாதீர்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர் இன்புட் சுமார் 140 கிலோ ஓம்தான். பிக்கப்பிலேயே பேட்டரி ப்ரீஆம்ப் இருந்தால் மட்டும் பாசிவ் டிஐ பொருந்தும்.

டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று பின் மைக் கேபிள்) இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்குப் போங்கள். செருகிய பிறகு 48 வோல்ட் ஃபேன்டம் (அதே கேபிள் வழியே டிஐக்கு வரும் மின்சாரம்) போடுங்கள். வீணைக்கும் டிஐக்கும் இடையிலான கேபிள் குட்டையாக இருக்கட்டும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் வீதம் 6 மீட்டர் கேபிள், அந்த 1 நானோ ஃபாரட் பிக்கப்பின் ஒலியளவில் 4 டெசிபல் தின்றுவிடும். பலமாக மீட்டும்போது மீட்டரில் பீக் (உச்ச அளவு) -12 டெசிபலைத் தாண்டாதபடி கெயின் (பெருக்க அளவு) வையுங்கள்.

ஹம்முக்கு, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர்தான். நிற்காமல், தந்தியைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் பிக்கப் ஒயரின் ஷீல்டிங்கையும் சால்டரிங்கையும் பாருங்கள். டிஐயில் வெறும் பிக்கப் மட்டும் இருக்கும்போது கிரவுண்ட் லிஃப்ட் (கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும்) சுவிட்சைத் தட்டினால் ஹம் கூடவும் செய்யும். வேறொரு ஆம்ப்பும் இணைந்திருக்கும்போதுதான் அதற்கு வேலை. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.