அமெரிக்காவில் ரசிகர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் ஃபுட்பால் அணி ஏதாவது உண்டா?

என்எஃப்எல்-இல், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீகில், ஒன்றே ஒன்று உண்டு, விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே பேக்கர்ஸ்.

அதே மாநிலத்து மில்வாக்கியில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது என் மேலாளர் வீட்டுச் சுவரில், கல்யாண ஃபோட்டோவுக்குப் பக்கத்திலேயே, இந்த அணியின் பங்குப் பத்திரம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டேன், சிரித்துவிட்டார். 2011-இல் 250 டாலருக்கு வாங்கியதாம். டிவிடெண்ட் கிடையாது, வெளியாருக்கு விற்க முடியாது, டிக்கெட்டில் முன்னுரிமைகூடக் கிடையாது. ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். இந்தக் காகிதத்தை ஐந்து லட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கிறார்கள். கிரீன் பே ஊரின் ஜனத்தொகையே ஒரு லட்சத்துச் சொச்சம்தான்!

1919-இல் கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த இறைச்சி டப்பா கம்பெனியிடம் சீருடைக்காக 500 டாலர் வாங்கித் தொடங்கிய அணி இது. பேக்கிங் கம்பெனி, அதனால் பேக்கர்ஸ். காசில்லாமல் தள்ளாடியபோது 1923-இல் ஊர்க்காரர்கள் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். அப்போது ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள்: அணியை விற்றால் வரும் பணம் உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போய்விடும் (1997-க்குப் பிறகு அறக்கட்டளைக்கு). யாருக்கும் பைசா தேறாது என்றால் அப்புறம் யார் விற்கப் போகிறார்கள்? இப்போதைய லீக் விதிப்படி இன்னொரு அணி இப்படி வரவும் முடியாது.

ரசிகர்கள் என்றதும் எல்லோரும் அவர்கள் தலையில் வைத்திருக்கும் சீஸ் துண்டு வடிவத் தொப்பியைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது சைக்கிள். ஜூலை, ஆகஸ்ட் பயிற்சி நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளோடு ஸ்டேடியம் வாசலில் நிற்பார்கள். ஆஜானுபாகுவான வீரர்கள் அந்தக் குட்டிச் சைக்கிளில் முழங்கால் தாடையில் இடிக்க மைதானத்துக்கு மிதித்துப் போக, பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடும். 1950-களின் கடைசியிலிருந்தே இருக்கிற பழக்கம்.

அப்புறம் குளிர். 1967 டிசம்பர் 31-இல் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் டல்லஸ் அணியை 21-17 என்று ஜெயித்த ஆட்டத்தை இன்றும் 'ஐஸ் பவுல்' என்றுதான் சொல்கிறார்கள். நடுவர்களின் விசில் வேலை செய்யவில்லை, ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பனி கொட்டினால் இருக்கைகளைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்களை மணிக்கூலிக்குக் கூப்பிடுவார்கள். என் மேலாளரும் ஒருமுறை போயிருக்கிறார். சொந்த அணியிடமிருந்து அவர் கண்ட ஒரே வருமானம் அதுதான்.