மாகாளிக் கொடியை மலையிலிருந்து பெயர்க்க வேண்டாம்

ஐயா, வணக்கம். ஜவ்வாது மலையிலிருந்து எடுத்துவந்து அமிர்தி அருகே நட்ட, ஊறுகாய்க்கு உதவும் கிழங்கைத் தரும் மாகாளிக் கொடிகள் மூன்றும் காய்ந்துவிட்டதாகவும், மீண்டும் மலைக்குச் சென்று எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். பாறை இடுக்குகளுக்குள் ஓடும் அதன் கிழங்குகள் தோண்டும்போதே முறிந்துவிடும். தென்னிந்தியாவுக்கே உரிய இச்செடி, ஊறுகாய்க்காகவும் பிற தேவைகளுக்காகவும் வேரோடு அகழப்படுவதால் அருகிவருகிறது. காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுப்பது குற்றமும்கூட.

தங்கள் வேலியில் பழைய கொடிகள் இரண்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அவையே போதும். இரட்டையாகத் தொங்கும் காய்கள் முற்றியதும், அவை வெடிப்பதற்கு முன்பே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள், ஏனெனில் ஒரு நாள் தாமதித்ததால், வெண்பட்டுக் குஞ்சத்தோடு விதைகள் காற்றில் பறந்து போய்விட, வெறும் காய்த்தோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் வருந்தி நின்றதுண்டு. சேமித்து வைக்காமல், மணல் கலந்த செம்மண்ணில் உடனே விதையுங்கள்; நீர் தேங்கக் கூடாது.

சில ஆண்டுகள் கழித்துக் கிழங்கு எடுக்கும்போது, ஒரு பக்க மண்ணை மட்டும் விலக்கிப் பக்கவேர்கள் சிலவற்றை வெட்டிக்கொண்டு, தாய்வேரைத் தொடாமல் மூடிவிடுங்கள். கொடி மீண்டும் தழைக்கும்.