அஞ்சு நாள் டிரெயினிங் போயிட்டு வந்தா என் கோட்டிங் வித்துடுமா?

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல மெட்டீரியல்ஸ் பிரிவுல சீனியர் சயின்டிஸ்ட். இரும்பு விசைப்படகோட அடிப்பக்கம் துருப்பிடிக்காம இருக்க ஒரு கோட்டிங் பண்ணினோம். லேப்ல ரிசல்ட் அருமை, பேட்டன்ட்டும் கிடைச்சிருச்சு, ஆனா அத தயாரிச்சு விக்க லைசென்ஸ் கேட்டு ஒரு கம்பெனியும் வரல. இப்ப டைரக்டர் என்னை "ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான இன்னொவேஷன் மேனேஜ்மென்ட்"னு ஒரு அஞ்சு நாள் டிரெயினிங்குக்கு நாமினேட் பண்ணிட்டார். திரும்பி வந்ததும் இன்னொவேஷன் செல்லுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு மத்தவங்களுக்கும் நான் சொல்லிக்குடுக்கணுமாம். கூட இருக்கறவங்க "சுவத்துல ஸ்டிக்கி நோட் ஒட்டிட்டு வா"ன்னு கிண்டல் பண்றாங்க. ப்ரமோஷனுக்கு பேப்பர்தான் கணக்கு, இதெல்லாம் கணக்குலயே வராது. போகவா, ஏதாவது காரணம் சொல்லி கழண்டுக்கவா? கோட்டிங்கோட புது வெர்ஷன் பத்தி ஒரு கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் வேற அந்த வாரம் அனுப்பணும். (பெயர் வேண்டாம், தமிழ்நாடு)

பதில்: வணக்கம்ங்க மேடம். முதல்ல தலைப்புக்கே பதில் சொல்லிடறேன், விக்காது. எந்த டிரெயினிங்கும் வித்துக் குடுக்காது. ஆனா போங்க, கண்டிப்பா போங்க, கோட்டிங் பத்தின ஃபைலையும் கையோட எடுத்துட்டு போங்க.

கிண்டல் பண்றவங்க முழுசா தப்புன்னும் சொல்ல முடியாதுங்க. இந்த மாதிரி புரோகிராம்ல முதல் நாள் பெரும்பாலும் இழுவைதான், குத்துவிளக்கு, சிறப்புரை, அப்புறம் "வித்தியாசமா யோசிங்க"ன்னு ஒரு கேம், நீங்க கத்துக்கிட்ட கெமிஸ்ட்ரிய விட்டுட்டு மார்ஷ்மெல்லோவுல கோபுரம் கட்டச் சொல்வாங்க. பொறுத்துக்கங்க. ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கறவங்களுக்கு யோசனைக்கு என்னைக்குமே பஞ்சம் இல்ல, பஞ்சம் எதுக்குன்னா எந்த யோசனைய எப்ப விடறது, எதுக்கு எப்ப பேட்டன்ட் போடறது, யார்கிட்ட போய் என்ன கேக்கறது, என்ன விலை சொல்றதுங்கறதுக்குத்தான், அந்த சமாச்சாரம் எல்லாம் சாதாரணமா ரெண்டாம் நாள் மதியத்துக்கு மேலதான் வரும்.

அதுல உங்களுக்கு உடனே உபயோகப்படப் போறது டிஆர்எல். டெக்னாலஜி எவ்வளவு தூரம் பழுத்திருக்குன்னு 1ல இருந்து 9 வரைக்கும் போடற மார்க்கு. 1974ல நாசாவுல ஸ்டான் சாடின்ங்கறவர் ஆரம்பிச்சப்ப 7 படிதான் இருந்துச்சு, இப்ப எல்லாரும் பாவிக்கற 9 படிக்கும் விளக்கம் எழுதி 1995ல வெளியிட்டவர் ஜான் மேன்கின்ஸ். இத ஸ்லைடுல நீங்களே ஆயிரம் தடவை பாத்திருப்பீங்க, ப்ராஜெக்ட் ப்ரொபோசல்லயும் எழுதியிருப்பீங்க. ஆனா நம்ம ஊர்ல எல்லாரும் தன் பிள்ளைக்கு தானே மார்க் போட்டுக்கறோம், அதுதான் பிரச்சினை. உங்க கோட்டிங்குக்கு நீங்க 6 போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன். உப்புத்தண்ணிய பனி மாதிரி தெளிக்கற சால்ட் ஸ்ப்ரே சேம்பர்ல, கோட்டிங் அடிச்ச இரும்புத் தகட்ட (பேனல்) வச்சு பாத்தது 4தான் மேடம். ஹார்பர் தண்ணியில பேனல தொங்கவிட்டு பாத்திருந்தா 5 சொல்லலாம். நிஜ படகுல அடிச்சு, அது கடலுக்கு போய், வலை இழுத்து, மணல்ல உரசி, பருவமழை தாண்டி கரைக்கு வந்து பாத்தாத்தான் 7. லைசென்ஸ் வாங்கறவர் காசு குடுக்கறது அந்த 7க்குத்தான், ஏன்னா 4ல இருந்து 7க்கு போறதுக்குள்ளதான் எல்லா செலவும் எல்லா ரிஸ்க்கும் இருக்கு, அத அவர் தலையில கட்டிட்டு ராயல்ட்டியும் கேட்டா எப்படிங்க வருவார். அதனால கிளாஸ்ல டிஆர்எல் எக்சர்சைஸ் வந்தா வேற லேப்ல இருந்து வந்த யாராவது உங்க டெக்னாலஜிக்கு மார்க் போடட்டும், நீங்க அவங்களுதுக்கு போடுங்க. கொஞ்சம் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

ஆனா டிஆர்எல் 9 வந்தாலும் அத யாருக்காவது வேணுமாங்கறத அந்த நம்பர் சொல்லாது. உங்க விஷயத்துல அடிச்சு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க, ஒரு படகு ஓனர்கிட்டயாவது உக்காந்து பேசியிருக்கீங்களா? கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி ரிப்பேர் பாத்து பெயிண்ட் அடிக்கறது முக்கியமா அந்த நேரத்துலதான். மத்த மாசத்துல படகு ஒரு நாள் கரையில நின்னாலும் ஓனருக்கு நஷ்டம். அப்ப உங்க ட்ரையல் ஏப்ரலை தவறவிட்டா ஒரு வருஷம் போச்சு. அதோட பெயிண்ட் அடிக்கறது யாரு? யார்டுல இருக்கற பெயிண்டர், திறந்தவெளியில, உப்புக்காத்துல, பிரஷ்ல. உங்க கோட்டிங் ரெண்டு டப்பாவ கரெக்ட் அளவுல கலந்து குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அடிச்சே ஆகணும்னா, இல்ல இரும்ப சேண்ட் பிளாஸ்ட் பண்ணி, அதாவது மணல பீச்சியடிச்சு துரு போக வெள்ளையா ஆக்கினாத்தான் ஒட்டும்னா, லேப்ல வந்த ரிசல்ட்டு அங்க வராது. இதெல்லாம் பேட்டன்ட்ல இருக்காது, ஜர்னல் ரிவ்யூவரும் கேக்க மாட்டார், ஆனா பெயிண்ட் கம்பெனிக்காரர் முதல் மீட்டிங்லயே கேப்பார், பதில் இல்லேன்னா டீ குடிச்சுட்டு எந்திரிச்சு போயிடுவார்.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு, அடையாறுல 1948ல ஆரம்பிச்ச தோல் ஆராய்ச்சி நிலையம், சிஎல்ஆர்ஐ. அங்க டைரக்டரா இருந்த நாயுடம்மா, தோல் பதனிடற டேனரிக்காரங்கள லேபுக்குள்ள வரவச்சார், லேப் ஆளுங்கள டேனரிக்கு அனுப்பினார், அந்த பழக்கம் அங்க ஊறிப்போச்சு. பாலாத்துல தோல் கழிவு கலக்குதுன்னு வேலூர் பக்கத்து மக்கள் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு ஞாபகம் இருக்கா, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லேன்னா மூடுன்னு. அன்னைக்கு டேனரி முதலாளிக்கு தேவைப்பட்டது இன்னும் பளபளப்பான லெதர் இல்ல, கடைய தொறந்து வைக்கறதுக்கு வழி. அதனாலதான் சிஎல்ஆர்ஐ பின்னாடி தண்ணியில்லாம குரோம் பதனிடற முறைய கொண்டு வந்தப்ப கேக்க ஆள் இருந்துச்சு, அதுல உப்பும் அமிலமும் போட்டு ஊறவைக்கற பிக்கிளிங் ஸ்டெப்பே கிடையாது, கடைசியில காரம் சேக்கற பேசிஃபிகேஷனும் கிடையாது, தோலும் குரோமும் அப்படியே டிரம்முல சுத்துது, கழிவுத்தண்ணியில போற குரோமும் உப்பும் குறையுது. அந்த கெமிஸ்ட்ரி பெருசுதான், நான் குறைச்சு சொல்லல, ஆனா அது யாரோட தலைவலிக்கு மருந்துன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிருச்சு.

இன்னொரு விஷயம், இந்த டிரெயினிங்ல ஜெர்மனி ஃப்ரான்ஹோஃபர், நெதர்லாண்ட்ஸ் டிஎன்ஓ, பின்லாந்து விடிடி, தைவான் ஐடிஆர்ஐன்னு வெளிநாட்டு ஆராய்ச்சி நிறுவனங்களோட கதையெல்லாம் கண்டிப்பா வரும், கேக்க ரொம்ப நல்லா இருக்கும், ஆனா கேக்கும்போது பணம் எங்கருந்து வருதுன்னு ஒரு கண்ணு வச்சுக்கங்க. ஃப்ரான்ஹோஃபருக்கு அரசாங்கம் நேரடியா தர்ற அடிப்படை பணம் ஏறக்குறைய 30 சதவீதம்தான், மிச்சத்த கம்பெனி கான்ட்ராக்ட்லயும் போட்டி போட்டு வாங்கற அரசு ப்ராஜெக்ட்லயும்தான் சம்பாதிக்கணும். அங்க ஒரு ஆராய்ச்சியாளர் கஸ்டமர தேடிப் போறார்னா அவருக்கு யாரும் இன்னொவேஷன் கிளாஸ் எடுத்ததால இல்ல, போகலேன்னா அடுத்த வருஷம் குரூப்புக்கு காசு இல்ல. நம்ம லேப்ல சம்பளமும் வரும், கிராண்ட்டும் வரும், கோட்டிங் வித்தாலும் விக்காட்டியும் வரும். அங்க ஓடற மெத்தடை இங்க ஸ்லைடோட தூக்கிட்டு வந்து வச்சா அது ஓடாது, இத உங்க டைரக்டர்கிட்ட நாசூக்கா சொல்லிடுங்க, இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு "டிரெயினிங் போயிட்டு வந்தீங்களே என்ன ஆச்சு"ன்னு உங்களைத்தான் கேப்பார்.

தைவான் கதைய மட்டும் காது குடுத்து கேளுங்க. 1973ல ஐடிஆர்ஐ ஆரம்பிச்சாங்க, 1976ல அமெரிக்காவோட ஆர்சிஏ கம்பெனிகிட்ட சிப் டெக்னாலஜி லைசென்ஸ் வாங்கி, தன்னோட இன்ஜினியர்கள அங்கயே அனுப்பி கத்துக்க வச்சாங்க. 1980ல யுஎம்சிங்கற சிப் கம்பெனி அதுலருந்து பிரிஞ்சு வந்துச்சு, 1987ல மோரிஸ் சாங் தலைமையில இன்னொரு சிப் கம்பெனி டிஎஸ்எம்சி. ரெண்டு தடவையும் லேப்ல வேலை பாத்த இன்ஜினியருங்களும் டெக்னாலஜியோட சேந்து கம்பெனிக்கு போனாங்க. நாம என்ன பண்றோம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகத்த மட்டும் தபால்ல அனுப்பிட்டு கல்யாணம் ஏன் நடக்கலன்னு கேக்கறோம். உங்க கோட்டிங்க எந்த கம்பெனி எடுத்தாலும் உங்க ஆள் ஒருத்தர் அவங்க பிளான்ட்ல மாசக்கணக்குல உக்காரணும், அதுக்கு உங்க ஆபீஸ் டெபுடேஷன் ரூல் விடுமான்னு இப்பவே கேட்டு வச்சுக்கங்க.

டிரெயினிங் கிளம்பறதுக்கு முன்னாடி பிரோஷர ஒரு தடவை நல்லா பாருங்க. டெக்னாலஜிய லைசென்ஸ் வாங்கி காசு போட்ட கம்பெனிக்காரர் ஒருத்தராவது பேசறாரா, உங்க சொந்த ப்ராஜெக்ட்ட வச்சு வேலை பாக்க விடறாங்களா, இந்த ரெண்டும் இல்லேன்னா வேற பேட்ச் கேளுங்க. அப்புறம் ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க, முடிஞ்சா உங்க ஃபைனான்ஸ் ஆபீசரையும் ஸ்டோர்ஸ் பர்ச்சேஸ் ஆளையும் கூட அனுப்பச் சொல்லுங்க. நம்ம ஊர் லேப்ல நல்ல டெக்னாலஜி நிறைய செத்தது சயின்ஸ் சரியில்லாம இல்ல, எம்ஓயூல ஒரு வரி மாத்த ஃபைல் மாசக்கணக்குல டேபிள் டேபிளா சுத்தினதாலதான். அவங்க ஒரு நாள் கம்பெனிக்காரர் பக்கத்துல உக்காந்து கேட்டா நீங்க நூறு நோட் ஃபைல் எழுதறத விட பலன் அதிகம்.

இந்த சீட் கிடைக்கலேன்னாலும் கவலை வேணாம், காசியாபாத்ல சிஎஸ்ஐஆரோட டிரெயினிங் சென்டர் எச்ஆர்டிசி இருக்கு, ஹைதராபாத்ல ஆஸ்கிங்கற ஸ்டாஃப் காலேஜ்ல அரசு சயின்டிஸ்ட்களுக்கு புரோகிராம் நடக்குது, பேட்டன்ட் அடிப்படைக்கு ஐநாவோட அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவோட டிஎல்-101 ஆன்லைன் கோர்ஸ் இலவசம். அப்புறம் 2024ல ஐஎஸ்ஓ 56001னு இன்னொவேஷன் மேனேஜ்மென்ட்டுக்கே ஒரு சர்டிஃபிகேஷன் ஸ்டாண்டர்ட் வந்திருக்கு, அத வாங்கித் தர்றேன்னு கன்சல்டன்ட் யாராவது உங்க டைரக்டர பிடிச்சாங்கன்னா கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க, 2019ல வந்த 56002 வெறும் வழிகாட்டிதான், இப்போதைக்கு அத படிச்சாலே போதும். ஒரு லைசென்ஸ்கூட குடுக்காத லேப்ல சர்டிஃபிகேட் மாட்டி வச்சு என்ன பண்ண.

செல் விஷயம். தயவுசெஞ்சு ஐடியா பாக்ஸ், ஹேக்கத்தான், போஸ்டர் போட்டின்னு ஆரம்பிக்காதீங்க. செல்லோட முதல் வேலையா இப்ப ஓடிட்டிருக்கற ப்ராஜெக்ட்கள்ல எத நிறுத்தலாம்னு பாருங்க. ராபர்ட் கூப்பர் சொல்லிக்குடுத்த ஸ்டேஜ்-கேட் முறைய கிளாஸ்ல எடுப்பாங்க, ப்ராஜெக்ட்ட கட்டம் கட்டமா பிரிச்சு நடுவுல கேட் வைக்கறது, ஒவ்வொரு கேட்டுலயும் போ, நில்லு, கொல்லுன்னு முடிவு. நம்ம இடத்துல ரிவ்யூ கமிட்டி எல்லாத்துக்கும் "போ"ன்னுதான் சொல்லும், ஏன்னா நிறுத்தினா பணத்த திருப்பிக் குடுக்கணும், ஜேஆர்எஃப்னு உதவித்தொகையில ஆராய்ச்சி பண்ற பையன் பொண்ணோட பிஎச்டி என்னாகுங்கற பயம், அந்த பயம் நியாயமானதும்கூட. அதனால பிஎச்டி ப்ராஜெக்ட தொடாதீங்க, லைசென்ஸ்தான் இலக்குன்னு சொல்லிட்டு ஓடறத மட்டும் எடுங்க, முதல்ல உங்க கோட்டிங்கையே அந்த கேட்டுல பரிசோதனைக்கு விடுங்க, மத்தவங்க வாய் தானா மூடிடும்.

ப்ரமோஷன் பத்தி நீங்க சொன்னது உண்மை, அத டிரெயினிங் மாத்தாது. லைசென்ஸ் ஆன டெக்னாலஜிக்கும், படகுல நடந்த ட்ரையலுக்கும் அசெஸ்மென்ட்ல என்ன மார்க்குன்னு டைரக்டர்கிட்ட எழுத்துல கேளுங்க. அவர் குடுக்கலேன்னா செல்லுக்கு வாரத்துல ஒரு மதியம், மிச்ச நேரம் உங்க பேப்பருக்கு, அதுல குத்த உணர்ச்சியே வேணாம்.

கடைசியா அந்த அப்ஸ்ட்ராக்ட். அத இப்ப அனுப்பாதீங்க மேடம்! புது வெர்ஷன்ல எது புதுசோ அது அப்ஸ்ட்ராக்ட்ல அச்சாகி வெளிய வந்துட்டா, அமெரிக்கா மாதிரி சில இடம் ஒரு வருஷம் சலுகை குடுத்தாலும், ஐரோப்பால எல்லாம் பேட்டன்ட் கதை அதோட முடிஞ்சிடும். முதல்ல பேட்டன்ட் வேலைய பாக்கற உங்க ஐபி செல்லப் பாத்து புரொவிஷனல், அதாவது தற்காலிக பேட்டன்ட் மனு ஃபைல் பண்ணுங்க, முழு ஸ்பெசிஃபிகேஷன் குடுக்க 12 மாசம் டைம் இருக்கு, வெளிநாட்டுக்கு போகணுமா வேணாமாங்கறதுக்கும் அதே 12 மாசத்துக்குள்ள பிசிடிங்கற சர்வதேச பேட்டன்ட் மனு போட்டா போதும். அந்த 12 மாசத்துக்குள்ள ஒரு தடைக்காலம் எப்படியும் வந்துடும், படகுல அடிச்சு அதுவரைக்கும் கிடைச்ச ரிசல்ட்ட முழு ஸ்பெசிஃபிகேஷன்லயே சேத்துடலாம். ஃபைலிங் நம்பர் கையில வந்த அன்னைக்கு சாயங்காலமே அப்ஸ்ட்ராக்ட்ட அனுப்பிடுங்க, டிரெயினிங் வாரத்துக்கு முன்னாடியே இந்த வேலைய முடிச்சுடுங்க.