காத்தாடி விமானத்தில் ஏறலாமா?

அன்புள்ள ஐயா,

தங்கை குடும்பம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறது. அலையன்ஸ் ஏர், ஏடிஆர் விமானம் (வெளியே காத்தாடி போலச் சுழலும் விசிறி வைத்த சின்னப் பயணிகள் விமானம்). “பாட்னாவில் விழுந்த கம்பெனி, அதுவும் காத்தாடி விமானம்” என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளிக்கும் இந்த மாதிரிதான் வரப்போகிறது என்று பேச்சு. அரசுக் கம்பெனியை நம்பலாமா?

இப்ராகிம், வேதாளை

அன்புள்ள இப்ராகிம்,

பாட்னாவில் விழுந்தது காத்தாடி விமானமே இல்லை. போயிங் 737, ஜெட்.

2000 ஜூலை 17 அன்று கல்கத்தாவிலிருந்து வந்த அந்த விமானம், ஓடுபாதையை நெருங்கும்போது இருக்கவேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. ஒரு முழு வட்டம் அடித்து இறங்குகிறோம் என்று விமானிகள் அனுமதி கேட்டார்கள். அந்த வட்டத்தில் என்ஜின்கள் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், கிடக்க, மூக்கு மேல்நோக்கி எழும்ப, வேகம் சரிந்தது. கையிலிருந்த கட்டுப்பாட்டுத் தண்டு கிடுகிடுவென நடுங்கி எச்சரித்தது. அப்போது முதல் வேலை வேகத்தை மீட்பது. அவர்கள் செய்ததோ, இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் வழக்கமான நடைமுறையை. விமானம் குடியிருப்பின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 60 பேர், அதில் 5 பேர் தரையில் இருந்தவர்கள். விசாரணை, குறையை விமானிகளிடம்தான் கண்டது.

அலையன்ஸ் ஏர் 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தொடங்கியது. ஏர் இந்தியா டாடாவுக்குப் போன பிறகும் இது மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. இதற்கு முன்னோடி 1981இல் பிறந்த வாயுதூத். அதன் கணக்கு இன்னும் கசப்பு: 1988 அக்டோபர் 19 அன்று குவாஹாட்டியில் இறங்க வந்த ஃபோக்கர் விழுந்து 34 பேர், மறு ஆண்டு மகாராஷ்டிரத்தில் டோர்னியர் விழுந்து 11 பேர். 1993இல் அது இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்தது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடச் சொன்ன அரசு, அந்த ஊர்களின் ஓடுபாதைக்கும் வழிகாட்டும் கருவிகளுக்கும் அதே வேகத்தில் செலவழிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பாட்னாவுக்குப் பிறகு அலையன்ஸ் ஏரில் பயணி உயிர் போன விபத்து இல்லை. அதற்காகக் கறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2022 பிப்ரவரியில் மும்பையில் கிளம்பிய ஏடிஆரின் என்ஜின் மேல்மூடி கழன்று ஓடுபாதையிலேயே விழுந்தது. விமானம் மூடியில்லாமலே பூஜ் போய்ப் பத்திரமாக இறங்கியது. மூடியைத் திறந்து வேலை பார்த்தவர் கொக்கிகளைச் சரியாகப் பூட்டவில்லை என்றால் இதுதான் நடக்கும். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்ப்பவர், குனிந்து டார்ச் அடித்து ஒவ்வொரு கொக்கியும் விளிம்போடு விளிம்பாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதமே ஜபல்பூரில் இன்னொரு ஏடிஆர் ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. பாதையின் தொடக்கத்தில் தொடவேண்டிய சக்கரம் தள்ளிப்போய்த் தொட்டால், நிற்க மிச்சமிருக்கும் தூரம் போதாது.

காத்தாடி விஷயம். உள்ளே சுற்றுவதும் டர்பைன் என்ஜின்தான், ஜெட்டில் இருப்பதன் உறவு. ஏடிஆரின் நிஜமான எதிரி பனிக்கட்டி. நம் ஊர் வெயிலுக்கும் சுமார் 16,000 அடிக்கு மேல் உறைகுளிர்தான். வாடைக்கால மேகத்துக்குள் நுழைந்தால் இறக்கையில் பனி படியும். இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறைகள் காற்றால் உப்பி அதை உடைத்துத் தள்ளும்.

தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். இறங்க வந்த விமானம் திடீரென உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பதறவேண்டாம். மேகமூட்டத்தில் தரையிலிருந்து 1,000 அடி, தெளிந்த வானத்தில் 500 அடி உயரம் வருவதற்குள் வேகமும் சக்கரமும் இறங்கு விகிதமும் சரியாக அமையாவிட்டால் ஏறிவிடு என்பதுதான் இன்றைய விதி.

உச்சிப்புளியில் இப்போது இருப்பது கடற்படையின் விமானத் தளம், ஐஎன்எஸ் பருந்து. பயணிகள் விமானம் வந்தால் என் முதல் கவலை நிஜப் பருந்துதான். கடற்கரையில் கருவாடு காயும் இடமெல்லாம் பருந்தும் காக்கையும் வட்டமிடும். நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கும் கழிவைக் கொட்டக்கூடாது என்று விமான விதி சொல்கிறது. வேதாளையில் மீன் குடலை எங்கே கொட்டுகிறீர்கள்?