வெட்டிய காணொளியில் படம் பிந்தி வருவது ஏன்?

கேள்வி: 41 நிமிடம் ஓடும் என் வகுப்புப் பதிவில் 6:20 முதல் 36:20 வரையிலான பகுதி மட்டும் எனக்கு வேண்டும். பதிவேற்றும் தளம் 200 எம்.பி.க்கு மேல் ஏற்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவசக் காணொளிக் கருவியைக் கொண்டு கட்டளை வரியில் வெட்டினேன். தொடக்கத்தில் சில விநாடிகள் ஒலி மட்டும் கேட்டது, படம் வரவில்லை. யாரோ சொன்னபடி தொடக்க நேரக் குறியைக் கோப்பின் பெயருக்கு முன்னால் நகர்த்தினேன். இப்போது கடைசிப் பகுதி வெட்டப்படவே இல்லை. இலவசமாக வெட்டித் தரும் இணையதளங்களை நம்பலாமா?

பதில்: உங்கள் கோப்பும் பழுதாகவில்லை, கணினியும் பழுதாகவில்லை. நீங்கள் பயன்படுத்திய ‘-சி காப்பி’ (-c copy) என்ற குறி, படத்தையும் ஒலியையும் விரித்து மீண்டும் சுருக்காமல் இருந்தபடியே எடுத்து வைக்கச் சொல்லும் கட்டளை. வேலை நொடியில் முடிவதும் தரம் துளியும் குறையாததும் அதனால்தான். ஆனால் காணொளியில் அடுத்தடுத்து ஓடும் சட்டகங்கள் (frames) எல்லாமே முழுப் படங்கள் அல்ல. இடையிடையே வரும் கீஃபிரேம் மட்டுமே முழுப் படம். மற்றவை, அருகிலுள்ள சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. எச்.264 என்ற முறையில் காணொளியைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற குறிமாற்றி, தன் இயல்பு அமைப்பில், ஒரு கீஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 சட்டகங்கள் வரை விடும். விநாடிக்கு 25 சட்டகம் என்றால் அது 10 விநாடி. உங்கள் 6:20 இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்ததால், அடுத்த கீஃபிரேம் வரும்வரை ஒலி மட்டும் ஓடியது.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம், ஒரே குறி நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுவதே. இத்தனை ஆண்டுகளாகியும் இதைப் புதியவர்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்காதது எனக்கு இன்றும் வருத்தம் தரும் குறை. தொடக்க நேரக் குறியான ‘-எஸ்எஸ்’ (-ss) உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் நின்றால், வெளிவரும் காணொளியின் கடிகாரம் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். அப்போது கோப்புக்குப் பின்னால் உள்ள ‘-டூ 36:20’ (-to 36:20) என்பது ‘மூலத்தின் 36:20 வரை’ என்றாகாமல், ‘36 நிமிடம் 20 விநாடி நீளம்’ என்றாகிவிடும். 6:20-இலிருந்து அத்தனை நீளம் போனால் 42:40. உங்கள் பதிவோ 41 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே ‘-டூ’வை விட்டுவிட்டு, நீளத்தை நேராகச் சொல்லும் ‘-டி 30:00’ (-t 30:00) என்பதைப் போடுங்கள்.

அளவைக் குறைக்க எப்படியும் மறுகுறிமாற்றம், அதாவது விரித்து மீண்டும் சுருக்குதல், செய்யத்தான் வேண்டும் என்பதால், ‘காப்பி’யை நீக்கிவிட்டாலே முதல் சிக்கலும் தீரும், சட்டகங்கள் புதிதாக உருவாக்கப்படுவதால் வெட்டு நீங்கள் சொன்ன விநாடியிலேயே விழும். வழக்கமாக நான் பரிந்துரைப்பது, தரத்தைக் குறிக்கும் ‘-சிஆர்எஃப் 23’ (-crf 23). எண் கூடக் கூடக் கோப்பு சிறியதாகும். ஏறத்தாழ 6 கூட்டினால் அளவு பாதியாகும்.

உங்கள் நிலைமை மட்டும் இதற்கு விலக்கு. சிஆர்எஃப் தரத்தை நிலையாக வைத்து அளவை அதன் போக்கில் விடுவது. உங்களுக்கோ அளவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. எண்ணை 23, 26, 28 என்று மாற்றிமாற்றி ஒவ்வொரு முறையும் அரை மணி நேரக் காணொளி முடியக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தேவையே இல்லை. கணக்கு எளிது. 200 எம்.பி.யை 8-ஆல் பெருக்கினால் 1,600 மெகாபிட், அதாவது 16,00,000 கிலோபிட். 30 நிமிடம் 1,800 விநாடி. வகுத்தால் விநாடிக்குச் சுமார் 888 கிலோபிட், இதுவே பிட் வீதம். பேச்சொலிக்கு 96 ஒதுக்கி, கொஞ்சம் இடைவெளியும் விட்டு, படத்துக்கு 760 என்று வையுங்கள். இதை இரண்டு சுற்றாக ஓட்ட வேண்டும்: ‘-பாஸ் 1’ (-pass 1) காணொளியை அளந்து குறிப்பெடுக்கும், ‘-பாஸ் 2’ (-pass 2) அந்தக் குறிப்பைக் கொண்டு உண்மையில் எழுதும். இரண்டு சுற்றிலும் ‘-எஸ்எஸ்’, ‘-டி’, படத்தின் பிட் வீதத்தைச் சொல்லும் ‘-பி:வி 760கே’ (-b:v 760k) மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுவிட்டால் அளவைக் குறிப்பு பொருந்தாது. உயரத்தை 720 ஆக்கும் ‘ஸ்கேல்=-2:720’ (scale=-2:720) என்பதையும் இரண்டிலும் சேருங்கள்; இவ்வளவு குறைந்த பிட் வீதத்தில் 1080 மங்கலாகவே தெரியும். தட்டச்சு செய்யும்போது இவை அனைத்தும் ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும்.

இனி இலவசத் தளங்கள். வேண்டாம் என்பதே என் பதில். மாணவர்களின் முகமும் குரலும் உள்ள பதிவை, எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று தெரியாத வேறொருவர் கணினிக்கு அனுப்புகிறீர்கள். பல தளங்களிலும் மென்பொருள்களிலும் உள்ளே ஓடுவது நீங்கள் ஏற்கெனவே நிறுவி வைத்திருக்கும் இதே எஃப்எஃப்எம்பெக். அதன் மேல் ஒரு பொத்தானை வைத்து, முடிவில் படத்தின் மூலையில் தங்கள் பெயரைப் பொறித்து, அதை நீக்கப் பணம் கேட்பவர்களும் உண்டு. ‘தரம் குறையாமல் பத்தில் ஒரு பங்காக்குகிறோம்’ என்ற விளம்பரம் பொய். ஏற்கெனவே சுருக்கப்பட்ட காணொளியை அந்த அளவுக்குச் சுருக்கினால் விவரம் போகாமல் இராது. தேடலில் முதலில் வரும் ‘பதிவிறக்கு’ பொத்தானையும் அழுத்தாதீர்கள். எஃப்எஃப்எம்பெக் திட்டத்தார் தருவது மூலநிரல் மட்டுமே, தொகுத்த கோப்புகளுக்கான இணைப்புகள் அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திலேயே உள்ளன.

எச்.264-க்கு அடுத்து வந்த சுருக்க முறையான எச்.265 என்றால் இன்னும் சிறியதாகுமே என்று யாராவது சொல்லக்கூடும். ஆகும்தான். ஆனால் அதன் காப்புரிமையைப் பல குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டதன் விளைவாக எல்லா உலாவிகளிலும் அது ஓடும் என்ற உறுதி இன்றும் இல்லை. அளவு வரம்பைப் பெரிதாக எழுதும் பதிவேற்றத் தளங்கள் எந்தக் கோடெக்கை (சுருக்க முறையை) ஏற்கும் என்பதை எழுதுவதில்லை. மாணவர்கள் எதில் பார்ப்பார்கள் என்று தெரியாதவரை எச்.264-ஐ விட்டு நகர வேண்டாம்.

முடிந்ததும் புதுக் கோப்பின் முதல் பத்து விநாடியையும் கடைசிப் பத்து விநாடியையும் காணொளி ஓட்டும் இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் ஓட்டிப் பாருங்கள். தளத்தில் ஏற்றிய பிரதி அங்கே முழுதும் ஓடும்வரை மூலப் பதிவை அழிக்காதீர்கள். பல தளங்கள் தாங்களும் ஒருமுறை சுருக்குகின்றன, அதில் கெட்டுப்போனால் மீண்டும் தொடங்குவதற்கு உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.